நாலு மார்க்

சித்தூரில் துலுக்காணம் கை வைத்தால் செத்த காலுக்கும் உயிர் வரும் என்று ஒரு பேச்சு கிளம்பியது, அறுபதாம் வருஷத்து ஐப்பசி மாதத்தில். இப்படிப்பட்ட பேச்சை முதலில் யார் சொன்னது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் குடிபாலாவிலிருந்தும் கங்காதர நெல்லூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிவந்தவர்கள் டாக்டர் யார் என்று கேட்கவில்லை. கைராசிக்காரர் எங்கே என்றுதான் கேட்டார்கள். துலுக்காணம் அதை நம்பினார் என்று சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. நாற்பத்தேழு வயதில் முதல்முறையாக ஊர் ஒரு மனுஷனைப் புகழ்ந்தால் அவன் பாவம் என்னதான் செய்வான்?

அவர் டாக்டர் இல்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் உருவிவிடுகிற ஆளாகச் சேர்ந்து, அங்கே ஒரு வெள்ளைக்கார மேஜரிடம் ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்தவர். உடம்பில் உள்ள ஒவ்வொரு தசைக்கும் எவ்வளவு பெலன் இருக்கிறது என்று கையாலேயே பார்த்து, சைபரிலிருந்து ஐந்து வரை மார்க் போடுகிற வித்தை. சண்டை முடிந்ததும் சித்தூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்கே ஆள் தேவைப்பட்டது. இளம்பிள்ளை வாதக் காய்ச்சலில் கைகால் சோர்ந்துபோன பிள்ளைகள் வந்து குவிந்த காலம் அது.

மார்க் போடுவது பார்க்கச் சுலபம். தசை அசையவே இல்லை என்றால் சைபர். தோலுக்கடியில் துடிப்பு மட்டும் தெரிந்தால் ஒன்று. படுக்கையில் தேய்த்து நகர்த்த முடியும், தூக்க முடியாது என்றால் இரண்டு. தன் கனத்தைத் தானே தூக்கினால் மூன்று. துலுக்காணம் எதிர்த்துத் தள்ளும்போது ஓரளவு தாக்குப்பிடித்தால் நாலு. அவர் முழுப் பெலத்தோடு தள்ளியும் அசையாமல் நின்றால் ஐந்து. மூன்று வரைக்கும் பூமியின் இழுப்பே அளந்துவிடும், அதற்கு மேல் துலுக்காணத்தின் கைதான் அளக்கவேண்டும் என்று மேஜர் சொல்லியிருந்தார். பரிதாபப்பட்டு ஒரு மார்க்கும் போடாதே என்றும் சொல்லியிருந்தார். துலுக்காணம் போட்டதில்லை. தாய்மார்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் பிள்ளையின் முழங்காலைப் பிடித்து, "நெட்டு, தள்ளு, நெட்டு, தள்ளு" என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றிமாற்றிச் சொல்லி, கடைசியில் சைபர் என்று எழுதிவிட்டுப் போவார். கல் நெஞ்சுக்காரன் என்று திட்டு வாங்கியிருக்கிறார்.

ஆந்திரா பிரிந்த பிறகு ரிஜிஸ்டர் தெலுங்குக்கு மாறியது. நாற்பது வயதில் தெலுங்கு எழுதப் படித்தார், எழுத்து கோழி கிளறினது போலத்தான் வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் மார்க்கைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டர் தாமோதரம் திருப்பதிக்காரர். மாதம் இரண்டு வியாழக்கிழமை சித்தூர் வருவார். வந்தால் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் துலுக்காணத்தின் சீட்டைத்தான் பார்ப்பார். "துலுக்காணம்காரு போட்ட மார்க்கை நான் இன்னொருதரம் தொட்டுப் பார்க்கணுமா?" என்று தன் அரைகுறைத் தமிழில் எல்லார் முன்னாலும் சொல்வார். அது பெருமையாகத்தான் இருந்தது. பின்னால் அதுவே வினையாக வந்து முடிந்தது.

செல்லியம்மா வந்தது அந்த வருஷம் ஆனி மாதத்தில். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு எல்லைக் கிராமம். இரண்டு மாதம் முன்புதான் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், சத்தியவேடு ஆந்திராப் பக்கம் வந்திருந்தது. பாகப்பிரிவினையில் யாரும் செல்லியம்மாவைக் கேட்கவில்லை. மெட்ராஸ் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இனி நீங்கள் அசலூர் என்று யாரோ சொல்ல, அவள் புருஷன் கருப்பன் விசாரித்துச் சித்தூருக்கு அழைத்துவந்தான். துலுக்காணத்துக்கும் சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்தான். அவள் வாயைத் திறந்ததுமே அவருக்கு அது தெரிந்துவிட்டது.

வயது இருபத்தைந்து இருக்கும். மூன்று வயதில் காய்ச்சல் வந்து வலது பாதம் தொங்கிப்போனது. பாதத்தைத் தூக்க முடியாது. விரல்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். மேட்டுநிலத்தில் எப்படியோ நடந்துவிடுவாள். சேற்றில் இறங்கினால்தான் வம்பு. ஒவ்வொரு அடிக்கும் விரல் சேற்றில் குத்தி மாட்டிக்கொள்ளும், நாற்றுக் கட்டோடு குப்புற விழுவாள். மற்றவர்கள் நாலு வரிசை நட்டு முடித்தால் இவள் இரண்டு வரிசைதான் முடிப்பாள். அதனால் அரைக்கூலி. இப்போது கருப்பனுக்கும் அவளுக்கும் இரண்டு காணி நிலம் குத்தகைக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் வம்சத்திலேயே முதல்முறை. தன் சேற்றில் தானே விழாமல் நடவு நடவேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டும்.

அதற்கு ஒரு ஆபரேஷன் இருந்தது. பாதத்தை உள்பக்கமாக இழுக்கிற தசை ஒன்று காலின் பின்பக்கம் இருக்கிறது. அதன் நுனியை அறுத்து முன்பக்கம் கொண்டுவந்து தைத்துவிட்டால், அது பாதத்தைத் தூக்கும். ஆனால் இடம் மாறும்போது எந்தத் தசையும் ஒரு மார்க் இழந்துவிடும். நாலு இருந்தால் மூன்றாகும், பாதம் தூக்கும். மூன்று இருந்தால் இரண்டாகும், பாதம் தூக்காது. பழைய இடத்தில் செய்துகொண்டிருந்த வேலையும் போய்விடும். அதனால் நாலு மார்க் இல்லாமல் தாமோதரம் கத்தியைத் தொடமாட்டார்.

துலுக்காணம் அவள் பாதத்தைப் பிடித்து உள்ளே இழுக்கச் சொன்னார். தள்ளிப் பார்த்தார். மூன்று.

நாலு இல்லாமல் ஆபரேஷன் இல்லை என்று சொல்லியும் செல்லியம்மா எழுந்திருக்கவில்லை. அந்த மூணை நாலாக்க என்ன செய்யணும் என்று கேட்டாள். இருபது வருஷத்துப் பழைய தசை, இனிமேல் ஏறாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் நூறு மைல் வந்தவளைச் சும்மா அனுப்ப மனசு வரவில்லை. பாதத்தில் ஒரு மணல் முடிச்சைக் கட்டிக்கொண்டு, தினம் முந்நூறு வாட்டி உள்ளே இழுக்கச் சொன்னார். மார்க்கில் இரக்கம் காட்டாத மனுஷன் வார்த்தையில் காட்டிவிட்டார். தை கழிந்து வா, பார்க்கலாம் என்றார்.

அவள் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. கருப்பன் முந்நூறு புளியங்கொட்டையை எண்ணி ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தான். ஒரு வாட்டி இழுத்தால் ஒரு கொட்டையை எடுத்துச் சட்டியில் போடுவாள். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. மறுநாள் சட்டியிலிருந்து டப்பாவுக்கு. எட்டு மாதம், தீட்டு நாளிலும் தீபாவளியிலும் விடாமல் செய்தாள். கொட்டையெல்லாம் கைபட்டுக் கைபட்டு எண்ணெய் தடவினது போலப் பளபளப்பாகிவிட்டது.

இதற்கு நடுவில்தான் சித்தூரில் கைராசிப் பேச்சு கிளம்பியது. காரணம் இல்லாமலும் இல்லை. ஆவணியிலிருந்தே துலுக்காணத்திடம் வந்தவர்களுக்கு மார்க் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று இருந்தவர்கள் நாலானார்கள், நாலு இருந்தவர்கள் ஐந்தானார்கள். தாய்மார்கள் அவர் காலில் விழுந்தார்கள். ஒரு வெல்ல மண்டிக்காரர் அவருக்கு ஒரு சால்வையே போர்த்தினார்.

மார்கழியில் ஒருநாள் அவர் மனைவி கமலம்மா கம்பளி துவைத்தாள். ஈரக் கம்பளியை ஒருத்தர் பிழிய முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரும் புதிருமாக முறுக்கவேண்டும். முறுக்கினார்கள். துலுக்காணத்தின் பிடியிலிருந்து முனை நழுவி, கம்பளி முழுக்க அவள் பக்கமே சுற்றிக்கொண்டது. மறுபடி முறுக்கினார்கள், மறுபடியும் அப்படியே.

"உங்க கைராசி எனக்கும் வந்துடுச்சி போலக்கீது," என்று கமலம்மா சிரித்தாள். அவரும் சிரித்தார். குளிரில் விரல் மரத்துவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தை கழிந்து செல்லியம்மா வந்தாள். கையில் அந்த டப்பாவும் இருந்தது, பொய் சொல்லவில்லை என்று காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தாள். துலுக்காணம் பாதத்தைப் பிடித்தார். உள்ளே இழுக்கச் சொல்லி, வெளியே தள்ளினார். பாதம் நின்றது. இன்னும் தள்ளினார். நின்றது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷத்துத் தசை ஏறாது என்று மேஜர் சொன்னதுண்டு. ஆனால் முந்நூறு கொட்டையைப் பற்றி மேஜருக்கு என்ன தெரியும்? சீட்டில் நாலு என்று எழுதி, பெரிதாக ஒரு வட்டமும் போட்டார்.

அஞ்சுக்கு நாலா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றதும், வெளியே உட்கார்ந்திருந்த கருப்பனிடம் நொண்டிக்கொண்டே ஓடி, நாலு மார்க் வாங்கிவிட்டேன் என்று சொன்னாள். ஊருக்குப் போய் மாடு மேய்க்கிறவனிடம் வரைக்கும் சொன்னாளாம். அவள் வாழ்க்கையில் யாரும் அவளுக்குப் போட்ட முதல் மார்க் அது.

மாசிக் கடைசியில் திருப்பதியில் ஆபரேஷன் நடந்தது. தாமோதரம் சீட்டைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டு பிரிக்கிற அன்றைக்குத் துலுக்காணமும் திருப்பதிக்குப் போனார். கூப்பிடாமலே போனார், பிள்ளை பாசானதைப் பார்க்கப் போகிற தகப்பன் மாதிரி. கட்டை வெட்டி எடுத்தார்கள். கால் வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. தூக்கு, எத்து என்று துலுக்காணம் இரண்டு பாஷையிலும் சொன்னார். செல்லியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். தொடை தூக்கியது, முழங்கால் தூக்கியது, பாதம் தூக்கவில்லை. அவர் விரலை வைத்துப் பார்த்தார். தோலுக்கடியில் புதுத் தசை கொஞ்சம் துடித்தது, அவ்வளவுதான். கட்டுக்குள் கிடந்த தசை, பழகப் பழக வரும் என்று தாமோதரம் தைரியம் சொன்னார். ஒரு மாதம் பழக்கினார்கள். துடிப்பு அசைவானது, அதற்கு மேல் போகவில்லை. உள்பக்கம் இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் இப்போது பாதம் வெளிப்பக்கமாகவும் சாய்ந்தது. நிற்கவே இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் வேண்டியிருந்தது. நூற்றில் ஐந்து பேருக்கு இப்படி ஆவதுண்டு, யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கருப்பன் கும்பிட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனான். இரும்பு பூட்ஸைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்க முடியாது என்பதை அவன் அங்கே சொல்லவில்லை. டாக்டருக்கு அது தோன்றவுமில்லை. துலுக்காணத்துக்குத் தோன்றியது.

அப்புறம் ஒரு காலை நேரம். சால்வை போர்த்திய மண்டிக்காரரின் மகன் ஜெயச்சந்திரன் வந்தான். நல்ல பையன், சுத்தச் சோம்பேறி. அவன் தொடைக்குப் போன வருஷம் மூன்று இருந்தது, இப்போது நாலுக்கும் மேலே. பயிற்சியை விடாமல் செய்கிறாயா என்று துலுக்காணம் கேட்டார்.

"உங்க கிட்ட எதுக்கு சார் பொய்? ஒருநாள்கூட செஞ்சதில்ல. எல்லாம் உங்க கைதான்," என்றான் அவன், பெரிய மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு.

அவன் போன பிறகு துலுக்காணம் ரிஜிஸ்டரை எடுத்துப் போன வருஷத்திலிருந்து புரட்டினார். போன ஆடி வரைக்கும் ஏறியவர்கள் சிலர், இறங்கியவர்கள் சிலர், நின்ற இடத்திலேயே நின்றவர்கள் பலர். உலகத்தில் எப்படி நடக்குமோ அப்படி. ஆவணிக்குப் பிறகு இறங்கியவர்கள் ஒருத்தர்கூட இல்லை. பயிற்சி செய்தவனும் ஏறியிருந்தான், செய்யாதவனும் ஏறியிருந்தான். நடக்கவே முடியாமல் மோசமாகிக்கொண்டு வந்த ஒரு சிறுமிக்குக்கூட மூன்று நாலாகியிருந்தது. தேய்ந்துபோன படிக்கல்லை வைத்து நிறுத்தால் எல்லாக் கத்தரிக்காயும் கனமாகத்தான் தெரியும்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். துலுக்காணத்துக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, இந்த ரிஜிஸ்டர்தான் அந்தக் கண்ணாடி. வலது கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றி ஒரு குழி விழுந்திருந்தது. இப்படிப்பட்ட குழியை அவர் எத்தனை கைகளில் பார்த்து எழுதியிருப்பார். சாப்பிடுகிற கை, தினம் கழுவுகிற கை, அதில் பார்க்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். அது சட்டென்று மடங்கியது. மறுபடியும் அழுத்தினார். மூன்று என்று தொழில் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

அழுதார். தனக்கு வந்த நோய்க்காக அழவில்லை, அந்த யோசனை இன்னும் வரவேயில்லை. செல்லியம்மாவின் கால் எப்போதும் மூன்றுதான். எட்டு மாதம் அவள் பெலன் ஒரு துளியும் ஏறவில்லை. அவர் பெலன்தான் இறங்கியிருந்தது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டரே யார் குற்றமும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று. இடது கையால் தள்ளப் பழகிக்கொண்டால் வேலையும் போகாது, ஊர் கொடுத்த பேரும் போகாது. இப்படியெல்லாம் அவர் மனசு வக்கீல் வைத்து வாதாடியது. ஆனால் அடுத்த மாத ஆபரேஷன் பட்டியலில் அவர் நாலு போட்ட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தனுக்கு எட்டு வயது. நாலாம் நாள் காலையில் ரிஜிஸ்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினார்.

மலைக்குப் போகிற மொட்டைகளும் மலையிலிருந்து வருகிற மொட்டைகளுமாக பஸ் நிறைந்திருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தார்.

தாமோதரம் முழுக்கக் கேட்டார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். பிறகு, "செய்யி இவ்வண்டி," என்று தெலுங்கிலேயே கையைக் கேட்டார். துலுக்காணம் நீட்டினார். மற்றவர்களுக்கு அவர் செய்ததையெல்லாம் டாக்டர் அவருக்குச் செய்தார். ஒவ்வொரு விரலாகத் தள்ளினார், மணிக்கட்டைத் தள்ளினார், முழங்கையைத் தள்ளினார். முன்கைத் தோலுக்கடியில் சதை தானாகவே புழு நெளிவது போலத் துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் டாக்டரின் கை நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த நோய்க்குப் பேர் இருக்கிறது, மருந்து இல்லை, இது அடுத்த கைக்கும் போகும், அப்புறம் மற்ற இடங்களுக்கும் போகும் என்பதைச் சுற்றிவளைத்துச் சொன்னார். துலுக்காணம் சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த இரண்டு பேர் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார்.

டாக்டர் இரண்டு பெயரையும் அடித்துவிட்டார். "நேனு கூட ஒருதரம் தொட்டுப் பார்த்திருக்கணும்," என்றார். "உங்க மார்க்குன்னு விட்டுட்டேன்."

செல்லியம்மாவுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் சொன்னார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் துலுக்காணத்துக்கு அது தூங்கவிடாத நியாயமாக இருந்தது.

ஆவணியில் ஒருநாள் செல்லியம்மாவின் ஊருக்குப் போனார். கமலம்மாவிடம் எல்லாம் சொல்லியிருந்தார். அவள் அழுது முடித்துவிட்டு, வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் துண்டில் வைத்து இறுக்கி முடிந்து கொடுத்தாள். ஊர் எல்லையில் புதுத் தெலுங்குப் பலகை நட்டிருந்தார்கள். வயலெல்லாம் தண்ணீர் கட்டி, நடவு நடந்துகொண்டிருந்தது. செல்லியம்மா வரப்பின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து, பறித்த நாற்றை முடிச்சு முடிச்சாகக் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரும்பு பூட்ஸ் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே அவர்களுடைய இரண்டு காணியில் கூலிக்கு வந்த பெண்கள் நான்கு பேர் நட்டுக்கொண்டிருந்தார்கள். கருப்பன் சேற்றைச் சமப்படுத்தப் பரம்படிக்கிற வேலையாக அடுத்த கழனிக்குப் போயிருந்தான்.

அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லி அவரும் வரப்பிலேயே உட்கார்ந்தார். துண்டு முடிச்சை நடுவில் வைத்தார். சொல்லவேண்டியதைச் சொன்னார். டாக்டர் பாஷை எதுவும் இல்லாமல், என் கை வற்றிப்போனது எனக்கே தெரியாமல் இருந்தது, உன் கால் மூன்றுதான், நான் தப்பாக நாலு போட்டேன், அதை நம்பி அறுத்துவிட்டார்கள் என்று ஒழுங்காகச் சொன்னார். அவள் நாற்றுக் கட்டுவதை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"அப்ப அந்த நாலு என்னுது இல்லியா?"

இல்லை என்று அவர் தலையாட்டினார்.

"கால் இழுத்துக்கினு கெடந்தப்போ வுழுந்து வுழுந்தாவது சேத்துல எறங்குவேன் ஐயா. அரக்கூலியாவது துன்னேன். இப்ப எங்க கழனிய எவளோ நட்றா, நான் வரப்புல குந்திக்கினு பாக்கறேன். அதுகூட போவட்டும். நாலு வாங்கனேன், அப்பால என் தலையெழுத்து இப்டின்னு இருந்தேன். இப்ப அதையும் புடுங்கிக்கினு போவ வந்தீங்களா?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கழனியில் இருந்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தார். கேட்டால், அவள் மேல் இன்னொரு சுமையை வைப்பது போல ஆகும் என்று கேட்கவில்லை.

புறப்படுகிறேன் என்று சொல்லிவிட்டு, பழத்தையாவது கொடுப்போம் என்று துண்டு முடிச்சை அவிழ்க்கப் போனார். கமலம்மா போட்ட முடிச்சு. விரல் அதில் நுழைந்தது, இழுக்கவில்லை. கட்டைவிரலை வைத்து நெம்பினார். விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. இடது கையால் முயன்றார், அதிலும் முன்பு போல இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. செல்லியம்மா நாற்றைக் கீழே போட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துண்டைத் தன் பக்கம் இழுத்து ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டு, சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் வலது கையைப் பிடித்தாள். மணிக்கட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள், அவர் எத்தனையோ வாட்டி வைத்தது போலவே.

"தூக்குங்க," என்றாள்.

தூக்கினார். கை மேலே வந்து நின்றது, அவள் இன்னும் அழுத்தவே இல்லை, அதற்குள் தானாகவே கீழே இறங்கியது.

"மூணுகூட இல்ல ஐயா. ரெண்டு."

இரக்கம் பார்த்து ஒரு மார்க் கூட்டிப் போடவில்லை அவள். இருபது வருஷமாக அவர் எப்படிப் போட்டாரோ அப்படியே போட்டாள். தனக்கு வந்திருக்கிற நோய் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வரப்பில் உட்கார்ந்து, அவள் கையில் கையை வைத்துக்கொண்டே அழுதார். அவள் கையை விடவில்லை. ஆனால் தேறுதலாக ஒன்றும் சொல்லவும் இல்லை. அவளுக்கும் கண்ணில் நீர் ஓடியது, எதற்காக என்று இரண்டு பேருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, கம்பி கடகடக்க வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாள். கையில் அந்தத் தகர டப்பா இருந்தது.

"முந்நூறு கீது. எனக்கு இனிமே எதுக்கு? தெனம் ஒருவாட்டி டப்பா காலியாவணும். நடுவுல வுடக்கூடாது, நீங்கதான் சொன்னீங்க."

இந்த நோய்க்கு முந்நூறல்ல, மூவாயிரம் கொட்டை எண்ணினாலும் ஒரு மார்க் ஏறாது. அது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஜில்லாவிலேயே இருக்க முடியாது. அவளுக்கு அது தெரியாது. ஆனி மாதத்தில் அவருக்குத் தெரிந்திருந்ததை மறைத்து, பார்க்கலாம் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

"சரிம்மா, செய்யறேன்," என்றார்.

ஆஸ்பத்திரி வேலையை அந்த மாதமே விட்டுவிட்டார். கைராசிப் பேச்சும், வந்தது போலவே, யார் நிறுத்தினார்கள் என்று தெரியாமல் நின்றுபோனது. தினமும் காலையில் கூடத்தில் உட்கார்ந்து, டப்பாவையும் ஒரு கிண்ணத்தையும் முன்னால் வைத்துக்கொள்வார். மணிக்கட்டை ஒருதரம் தூக்குவார், ஒரு கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போடுவார். முதலில் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தை மாதத்தில் மத்தியானம் வரைக்கும் ஆயிற்று. கொட்டை வழவழவென்று இருந்ததால் விரலில் நிற்காமல் அடிக்கடி தரையில் விழும். கமலம்மா அரிசி பொறுக்குவதை விட்டுவிட்டு வந்து, விழுந்ததை எடுத்து, டப்பாவில் போடுவதா கிண்ணத்தில் போடுவதா என்று கேட்காமல், அவர் உள்ளங்கையிலேயே திரும்ப வைப்பாள்.